தருக்கம் படித்தால் நம்பிக்கை போய்விடுமா?

(சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



பல்கலைக்கழகத்தில் மெய்யியலை ஒரு பாடமாகப் பயிலும் மாணவர் எவரும் விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்லியே ஆகவேண்டும். முதலாவது, "தம்பி, இதைப் படித்து என்ன உத்தியோகம் பார்க்கப் போகிறாய்?" என்பது. இரண்டாவது, கோயில் வீதியிலோ வாசிகசாலை வாசலிலோ சற்றே தாழ்ந்த குரலில் கேட்கப்படுவது: "தருக்கம் படித்தவன் கடைசியில் நாத்திகனாகத்தானே போவான்?"

முதற் கேள்விக்கு விடை சுருக்கமானது. நமது நாட்டிலே க.பொ.த. உயர்தர வகுப்பில் 'அளவையியலும் விஞ்ஞானமுறையும்' என்பது ஒரு பாடம். அதைக் கற்பிக்க ஆசிரியர் வேண்டும். நீதிமன்றத்துக்கும், பத்திரிகைக்கும், நிருவாக சேவைக்கும் ஒழுங்காகச் சிந்திக்கப் பழகியவர்கள் வேண்டும். இதற்குமேல் அக்கேள்வியிலே காலத்தைச் செலவிடேன்.

இரண்டாவது கேள்விதான் இன்று என் பேச்சின் பொருள். அதை ஏளனமாகத் தள்ளிவிட நான் விரும்பவில்லை. கேட்பவர்கள் பிள்ளைமேல் அன்புடையவர்கள், சமயத்தின்மேல் அக்கறையுடையவர்கள். அவர்கள் அஞ்சுவது நியாயமா என்று பார்ப்பதற்கு, தருக்க வகுப்பில் உண்மையாகவே என்ன கற்பிக்கப்படுகிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

அளவையியலின் முதற்பாடம் இது: ஒரு கூற்று உண்மையா என்பது ஒரு கேள்வி; ஒரு கூற்றிலிருந்து மற்றொரு கூற்று முறையாகப் பெறப்படுகிறதா என்பது வேறொரு கேள்வி. "தென்னைகள் எல்லாம் கடலுக்குள் வளர்வன. எங்கள் முற்றத்தில் நிற்பது தென்னை. ஆகவே எங்கள் முற்றத்து மரம் கடலுக்குள் வளர்கிறது." இந்த முடிவு பொய். ஆனால் நியாயத்தின் வடிவத்திலே பிழை இல்லை. முதற் கூற்றுத்தான் பொய். இனி மற்றொன்றைக் கேளுங்கள். "கொடுத்த மருந்து பலித்தால் காய்ச்சல் மாறும். காய்ச்சல் மாறிவிட்டது. ஆகவே மருந்து பலித்தது." இங்கே இரு கூற்றுக்களும் உண்மையாகவே இருக்கலாம், முடிவுகூட உண்மையாக இருக்கலாம். ஆயினும் நியாயம் செல்லாது. காய்ச்சல் தானாகவே மாறியிருக்கலாம். வேறொரு மருந்தால் மாறியிருக்கலாம். முதலாவது நியாயத்தைக் கேட்டு எல்லோரும் சிரிக்கிறோம். இரண்டாவதைக் கேட்டால் தலையசைக்கிறோம். கேலிக்கு இடமில்லாமல், நம் மனம் விரும்பும் முடிவைக் கொண்டுவந்து தருகின்ற பிழையே ஆபத்தான பிழை. அதைக் கண்டுபிடிக்கும் பயிற்சியே தருக்கம்.

இஃது ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ணவேண்டாம். 2020ஆம் ஆண்டு டிசம்பரில், கொரோனா நோய் நாட்டை வாட்டிய நாட்களில், கேகாலை மாவட்டத்தில் ஒருவர் ஒரு பாணி காய்ச்சினார். அது நோய் வராமல் தடுக்கும், வந்ததை மாற்றும் என்றார். அதன் செய்முறையைக் காளி அம்மனே தமக்கு உணர்த்தியதாகவும் சொன்னார். கூட்டங் கூடுதல் தடைசெய்யப்பட்டிருந்த அக்காலத்திலே ஆயிரக்கணக்கான மக்கள் அந்த ஊரிலே நெருக்கியடித்து நின்றார்கள். அரசியல்வாதிகள் சிலர் அதைப் பலரறிய அருந்தினார்கள். அவ்வாறு அருந்திய சுகாதார அமைச்சருக்கே 2021 ஜனவரியில் தொற்று உறுதியாயிற்று.

இதை நான் எடுத்துரைப்பது எவரையும் நகைப்பதற்கு அன்று. அச்சத்தில் இருக்கும் மனிதர் கையில் அகப்பட்டதைப் பற்றிக்கொள்வர். ஆனால் இங்கே தருக்க மாணவன் கவனிக்கவேண்டிய ஒன்றுண்டு. "நான் குடித்தேன், எனக்கு நோய் வரவில்லை" என்று நூறு பேர் சொன்னாலும் பாணியின் சிறப்பு நிலைநாட்டப்படாது, ஏனெனில் குடியாத பல இலட்சம் பேருக்கும் நோய் வரவில்லை. "இதைக் குடித்தவருக்கு நோய் வராது" என்ற பொதுக்கூற்றை உடைப்பதற்கோ, குடித்த ஒருவருக்கு நோய் வந்தாலே போதும். நிலைநாட்டுவதற்கு நூறு போதாது; மறுப்பதற்கு ஒன்று போதும். இந்த ஏற்றத்தாழ்வை அறிந்தவன் அந்தக் கூட்டத்திலே போய் நின்றிருக்கமாட்டான். அங்கே தெய்வத்தின் பெயர் சொல்லப்பட்டது என்பதையும் மறவாதிருப்போம். தருக்கத்தை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினால் உள்ளே வருவது பக்தி மாத்திரம் அன்று.

இனி ஒரு சிறு பரீட்சை. இதை அமைத்தவர் பீற்றர் வேசன் என்னும் ஆங்கில உளவியலறிஞர், ஆண்டு 1966. நான் தமிழுக்கு ஏற்ப மாற்றிச் சொல்கிறேன். மேசையில் நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒருபுறம் ஓர் எழுத்தும் மறுபுறம் ஓர் எண்ணும் உண்டு. நமக்குத் தெரியும் பக்கங்களில் இருப்பவை: அ, க, 4, 7. விதி இது: "ஒருபுறம் உயிரெழுத்து இருந்தால் மறுபுறம் இரட்டை எண் இருக்கும்." இவ்விதி இந்த அட்டைகளுக்குப் பொருந்துகிறதா என அறிய எந்த அட்டைகளைக் கட்டாயம் புரட்டிப் பார்க்கவேண்டும்?

மனத்துக்குள் விடை சொல்லிக்கொள்ளுங்கள். இதைக் கேட்கப்பெற்றவர்களிற் பலர் அ என்றும் 4 என்றும் சொல்வதையே ஆராய்ச்சியாளர் மீண்டும் மீண்டும் கண்டனர். சரியான விடை அ, 7 என்பன. அ என்ற அட்டையின் பின்னால் ஒற்றை எண் இருந்தால் விதி உடைந்தது. 7 என்ற அட்டையின் பின்னால் உயிரெழுத்து இருந்தாலும் விதி உடைந்தது. 4 என்ற அட்டையின் பின்னால் எது இருந்தாலும் விதிக்கு ஒன்றும் நேராது. இரட்டை எண் உள்ள அட்டையில் உயிரெழுத்துத்தான் இருக்கவேண்டும் என்று எவரும் சொல்லவில்லையே. விதி பெயர் சொல்லிக் காட்டும் அட்டைகளையே நம் கை நாடுகிறது. விதியை உடைக்கக்கூடிய 7 ஐத் தொட மறுக்கிறது.

இக்கதைக்கு ஒரு பிற்பகுதியும் உண்டு. 1982இல் கிறிக்ஸ், கொக்ஸ் என்னும் இருவர் அமெரிக்காவின் புளோரிடாவில் அதே பரீட்சையை வேறு பொருளில் நடத்தினர். "பியர் குடிப்பவர் பத்தொன்பது வயதுக்கு மேற்பட்டவராக இருக்கவேண்டும்" என்பது விதி. அட்டைகளின் ஒருபுறம் ஒருவர் குடிக்கும் பானம், மறுபுறம் அவர் வயது. தெரிந்தவை: பியர், கோலா, 22, 16. எவரைச் சோதிக்கவேண்டும்? பியர் குடிப்பவரையும் பதினாறு வயதுப் பையனையும் என்று மாணவரிற் பெரும்பாலோர் சரியாகச் சொல்லிவிட்டார்கள். இரண்டு கணக்கும் வடிவத்தில் ஒன்றே. வெறும் எழுத்தும் எண்ணுமாக வந்தபோது தடுமாறிய மனம், வாழ்க்கையிற் பழகிய விடயமாக வந்தபோது தடுமாறவில்லை.

தருக்கத்தை எப்படிக் கற்பிப்பது என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது. நம் நாட்டு வகுப்பறைகளில் அளவையியல் பெரும்பாலும் எப்படி நடைபெறுகிறது? குறியீடுகள் கரும்பலகையில் எழுதப்படுகின்றன. போலிகளின் பெயர்கள் குறிப்பாகச் சொல்லப்பட, மாணவர் எழுதுகின்றனர். பரீட்சையில் அவற்றைத் திருப்பி எழுதிச் சித்தியடைகின்றனர். பரீட்சை மண்டபத்தை விட்டு வெளியே வந்ததும் கைத்தொலைபேசியைத் திறந்து, அதில் வந்த முதற் செய்தியை ஐந்து பேருக்கு அனுப்புகின்றனர். போலியின் பெயர் தெரியும், போலியைத் தெரியாது. குறியீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீந்தப் பழகுபவனுக்குக் கரையிலே கை வீசும் பயிற்சியும் வேண்டும். ஆனால் ஒருநாளாவது தண்ணீரில் இறங்கவேண்டும். மாணவன் தான் உண்மையாக நம்புகின்ற ஒன்றை மேசைமேல் வைத்து, அதன் 7 ஆம் அட்டையைப் புரட்டும் நாளே அவன் தருக்கம் படித்த நாள்.

இங்கேதான் பெரியோரின் அச்சம் மீண்டும் எழுகிறது. "தான் நம்புவதை மேசைமேல் வைப்பதா? சமயத்தையும் வைப்பதா?"

இக்கேள்வி பற்றி மேனாட்டிலே நடந்த ஒரு புகழ்பெற்ற வாதம் பல்கலைக்கழகங்களில் இன்றும் கற்பிக்கப்படுகிறது. 1877இல் கிளிபர்ட் என்ற கணித அறிஞர் 'நம்பிக்கையின் ஒழுக்கவியல்' என்ற கட்டுரையை எழுதினார். அதில் ஒரு கப்பற் சொந்தக்காரனைக் காட்டுகிறார். கப்பல் பழையது. பிரயாணத்துக்கு உகந்ததா என்ற ஐயம் அவனுக்கு உண்டு. பழுதுபார்த்தாற் செலவு. ஆகவே, "இத்தனை முறை போய்வந்த கப்பல், இம்முறையும் போய்வரும், கடவுள் காப்பார்" என்று தன் மனத்தைத் தானே தேற்றி, ஐயத்தை அடக்கி, உண்மையாகவே நம்பி வழியனுப்புகிறான். கப்பல் மூழ்கிறது, ஏறினோர் மாண்டனர். அவன் மனமார நம்பினான் என்பது அவனைக் குற்றத்திலிருந்து விடுவிக்குமா? விடுவியாது என்கிறார் கிளிபர்ட். அந்த நம்பிக்கையை அவன் ஆராய்ந்து பெறவில்லை. ஐயத்தை நெரித்துப் பெற்றான். கப்பல் மூழ்காமற் கரைசேர்ந்திருந்தாலும் அவன் குற்றவாளியே. அகப்படாத குற்றவாளி, அவ்வளவுதான்.

அதற்கு 1896இல் அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் விடை கூறினார். வாழ்க்கையில் சில முடிவுகளைச் சான்று முழுதும் வந்து சேரும்வரை தள்ளிவைக்க இயலாது. அறிவினாலே இருபுறமும் தீர்க்க முடியாததாய், தவிர்க்க முடியாததாய், வாழ்வுக்கு இன்றியமையாததாய் ஒரு கேள்வி முன்னே நிற்குமாயின், அங்கே இதயத்தின் தெரிவுக்கு இடமுண்டு என்பது அவர் வாதம். கவனிக்க: கப்பலின் பலகையைத் தட்டிப் பார்த்து அறியக்கூடிய விடயத்தில் ஜேம்ஸும் கப்பற் சொந்தக்காரனுக்குப் பரிந்து பேசவில்லை. சான்று கிடைக்கக்கூடிய இடத்தில் அதைத் தேடாதிருக்க இருவரும் அனுமதி தரவில்லை.

மேனாட்டாரை விட்டு நம் வீட்டுக்குத் திரும்புவோம். சைவ சித்தாந்தத்தின் தலைநூல் சிவஞானபோதம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டதேவர் அருளிய அந்நூல் பன்னிரண்டு சூத்திரங்களை உடையது. ஒவ்வொரு சூத்திரமும் எவ்வாறு விரிக்கப்படுகிறது? மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்ற முறையில். மேற்கோள் என்பது நாட்டக் கருதிய கூற்று. ஏது என்பது காரணம். எடுத்துக்காட்டு என்பது அதனை விளக்கும் உவமம். "மலையில் நெருப்பு உண்டு, புகை உடைமையின், அடுக்களை போல" என்று தருக்க நூலார் காலங்காலமாகச் சொல்லிவரும் அதே அமைப்பு. இறைவன் உண்டு என்று முதற் சூத்திரம் கூறும்போது, "நம்பு" என்று ஆணையிட்டு நிறுத்தவில்லை. தோன்றி நின்று ஒடுங்கும் உலகத்தை ஏதுவாகக் காட்டி வாதம் செய்கிறது. அவ்வாதம் செல்லுமா செல்லாதா என்று கேட்பதற்கு நமக்கு உரிமை தந்தவர் மெய்கண்டாரே. காரணம் சொல்பவன் காரணத்தைச் சோதிக்க அழைக்கிறான்.

அவர் மாணாக்கராகிய அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரை இரு பகுதியாகப் பாடினார். முன்னே நிற்பது எது? நமது கொள்கையைச் சொல்லும் சுபக்கம் அன்று. பிறர் கொள்கையைச் சொல்லும் பரபக்கம். கண்ணாற் காண்பதே உண்டு என்னும் உலோகாயதர் தொடங்கி, பௌத்தரில் நால்வகையார், நிகண்டவாதி, ஆசீவகர், மாயாவாதி எனப் பலர் அங்கே வருகின்றனர். ஒவ்வொருவரும் வந்தவுடன் அடித்து விரட்டப்படவில்லை. முதலில் அவர் மதம் எடுத்துரைக்கப்படுகிறது. அதன் பின்னரே மறுப்பு. கடவுள் இல்லை என்பவனின் வாதத்தைச் சைவப் பிள்ளை முதன்முதலாகக் கற்கவேண்டிய இடம் பல்கலைக்கழகம் அன்று, நமது சாத்திரமே. சுபக்கத்துக்கு வந்தாலும், பதி, பசு, பாசம் என்று உடனே தொடங்கவில்லை. அளவை இலக்கணம் முன்னே வைக்கப்படுகிறது. அறிவு எந்த வழியால் வருகிறது, எந்த வழியை நம்பலாம் என்று ஆராய்ந்து, அளவைகள் பத்து என்பாரையும் எண்ணி, எல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றுள் அடங்கும் என்று முடிக்கிறார். வாசற்படியிலே தருக்கத்தை வைத்துவிட்டுத்தான் கோயிலுக்குள் அழைத்துச் செல்கிறார். தருக்கம் படித்தால் நம்பிக்கை போய்விடும் என்று அருணந்தியார் அஞ்சியிருந்தால் அந்தப் படியை அங்கே வைத்திருப்பாரா?

சைவர்களோடு இது நின்றதும் அன்று. பௌத்த காவியமாகிய மணிமேகலையில் கதைத்தலைவி வஞ்சி நகரிலே பல சமயவாதிகளிடம் சென்று, அவரவர் கொள்கையை அவரவர் வாயாற் கேட்கிறாள். பின்னர்க் காஞ்சியிலே அறவண அடிகள் அவளுக்குத் தருமத்தை உபதேசிக்குமுன் அளவையையும், பக்கப்போலி, ஏதுப்போலி, எடுத்துக்காட்டுப்போலி என்னும் பிழைவகைகளையும் கற்பிக்கிறார். ஒரு பெண் தருக்கம் பயின்று துறவு நெறியில் நின்றதைத் தமிழ் இவ்வளவு காலத்துக்கு முன்னே பாடியிருக்க, "பெண்பிள்ளைக்குத் தருக்கம் எதற்கு?" என்று இக்காலத்தில் கேட்பது நமக்கு அழகன்று. நம் சகோதரிகளுக்காகவும் இதைச் சொல்லி வைக்கிறேன். பேராதனையிலே மெய்யியற் பேராசிரியராய் விளங்கிய கே. என். ஜயதிலக 1963இல் வெளியிட்ட நூலில், ஆதிபௌத்தர் அறிவைப் பற்றி என்ன எண்ணினர் என்பதை, அவர்களுக்கு முன்னும் உடனும் வாழ்ந்த ஏனைய சிந்தனையாளரின் கொள்கைகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். பிறர் பக்கத்தைக் கேட்டு நம் பக்கத்தை அறிவது இந்தத் தீவின் இரு பெருஞ் சமயங்களுக்கும் பொதுவான சொத்து.

ஈழத்துத் தமிழர் இதில் பின்நின்றவரும் அல்லர். பதினெட்டாம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் வடமொழித் தருக்கசங்கிரகத்தைத் தமிழாக்கினார். அதனை அச்சிட்டுப் பரப்பியவர்களுள் ஒருவர் நம் ஆறுமுக நாவலர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை மேனாட்டுத் தருக்கத்தைத் தழுவி 'நியாய இலக்கணம்' என்னும் நூலைத் தமிழிலே எழுதினார். தருக்கத்தைத் தமிழிற் கற்பிக்க இயலுமா என்ற கேள்விக்கு யாழ்ப்பாணம் அக்காலத்திலேயே விடை கூறிவிட்டது. 1921இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேசுவராக் கல்லூரி இருந்த இடத்திலே 1974இல் யாழ்ப்பாண வளாகம் தோன்றி, 1979இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அங்கே மெய்யியல் தமிழிலே கற்பிக்கப்படுகிறது. சைவர் எழுப்பிய மண்டபத்தில் உலகத்து மெய்யியல்கள் எல்லாம் விசாரிக்கப்படுவதைவிடப் பரபக்கத்துக்குப் பொருத்தமான தொடர்ச்சி வேறென்ன வேண்டும்?

நாவலரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே பயின்று, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பிலே துணைநின்றார். அதனால் அவர் நம்பிக்கை கரைந்ததா? 1854இல் சைவதூஷண பரிகாரம் வெளிவந்தபோது, எதிர்ப்பக்கத்து நூலை வரிவரியாக அறிந்த ஒருவர் எழுதிய விடை அது என்று எல்லோரும் கண்டனர். கேளாமல் மறுப்பது எளிது. கேட்டபின் மறுப்பதே நிற்கும்.

நானும் ஒரு மிஷன் பாடசாலையிலே படித்தவன். அங்கே சைவப் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும் ஒரே வாங்கிலிருந்து படிப்பார்கள், இடைவேளையில் வாதிடுவார்கள். யோனா மீனின் வயிற்றில் மூன்று நாள் இருந்தது எப்படி என்று ஒரு பக்கம் கேட்கும். பிள்ளையார் மாம்பழத்துக்காக உலகைச் சுற்றிய கணக்கு எப்படி என்று மற்றப் பக்கம் கேட்கும். இரு சாராரும் கெட்டிக்காரர். ஆனால் எந்தப் பிள்ளையும் தன் வீட்டுக் கதையைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. தருக்கம் பிறருக்கு எதிராகப் பிடிக்கும் வாள் என்றால் அதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அது பத்து வயதிலேயே எல்லோருக்கும் வந்துவிடுகிறது. பல்கலைக்கழகம் கற்பிக்க வேண்டியது அந்தக் கூர்மையைத் தன்மேலே திருப்பிப் பார்க்கும் துணிவை.

அப்படித் திருப்பினால் எஞ்சுவது எது? இதை நான் மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறேன்.

முதலாவது, சமயத்தின் பெயரால் உலகத்தைப் பற்றிச் சொல்லப்படும் செய்திகள். இவற்றை உலகச் செய்தியைச் சோதிப்பதுபோலவே சோதிக்கவேண்டும். திருநள்ளாற்றுக் கோயிலுக்கு மேலாகச் செல்லும் செய்மதிகள் சில விநாடி அசையாமல் நிற்கின்றன, அதைக் கண்டு நாசா விஞ்ஞானிகள் வியந்தனர் என்று ஒரு செய்தி பல ஆண்டுகளாகக் கைத்தொலைபேசிகளிலே உலாவி வருகிறது. பூமிக்கு அண்மையிற் சுற்றும் செய்மதி ஒரு விநாடியில் ஏறத்தாழ ஏழரைக் கிலோமீற்றர் தூரம் ஓடுகிறது. அந்த ஓட்டமே அதை விழாமற் காக்கிறது. நின்றால் விழும். இது பொய்ச் செய்தி. இதனைப் பொய் என்று சொல்வதாற் கோயிலுக்கு ஏதும் குறைவு வருமா? ஞானசம்பந்தப் பெருமான் பாடிய தலம் அது. நாசாவின் நற்சான்றிதழுக்காக அது காத்திருக்கவில்லை. பொய்யைத் தூணாக நிறுத்தினால், அது பொய்யென்று தெரியும் நாளில் தூணோடு மண்டபமும் சாய்ந்தது என்று பிள்ளைகள் எண்ணிவிடுவார்கள். சமயத்தை விட்டுப் போகும் இளைஞரிற் பலர் தருக்கத்தாற் போகவில்லை. சமயத்துக்காகச் சொல்லப்பட்ட மோசமான தருக்கத்தாற் போகிறார்கள் என்பது என் எண்ணம்.

இரண்டாவது, இறைவன், உயிர், வினை என்பன பற்றிய கொள்கைகள். இவற்றிலே அறிவுடையோர் மாறுபட்டு நிற்கின்றனர். மெய்கண்டார் தந்த ஏதுவை ஒருவர் ஏற்கலாம். மற்றொருவர் அதற்குத் தடை எழுப்பலாம். இங்கே தருக்கம் ஒரே நாளில் தீர்ப்புச் சொல்லிவிடாது. நம்புகிறவர் தம் காரணத்தை அறிந்து நம்பவும், மறுப்பவர் தம் காரணத்தை அறிந்து மறுக்கவும், இருவரும் ஒருவரையொருவர் மூடர் என்று சொல்லாதிருக்கவும் அது துணைசெய்யும். காரணத்தோடு நம்பும் நம்பிக்கை முன்னையதிலும் அடக்கமானதாக இருக்கலாம், நலிந்ததாக இராது.

மூன்றாவது, பக்தி. தாயொருத்தி பிள்ளைக்கு வருத்தம் மாறியதென்று நேர்த்திக் காவடி எடுப்பிக்கிறாள். அவள் ஒரு கூற்றை நிரூபிக்க வரவில்லை. நன்றி சொல்ல வந்திருக்கிறாள். நன்றிக்கு நியாயத்தொடை கேட்பவன் தருக்கம் அறிந்தவன் அல்லன். தருக்கம் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று அறியாதவன். ஆனால் அதே தாய், "நேர்த்தி வைத்தாயிற்று, ஆஸ்பத்திரி வேண்டாம்" என்று சொல்வாளாயின் அது முதல்வகைக் கூற்றாகிவிடுகிறது. அப்போது நாம் மௌனமாக இருத்தல் தகாது. அங்கே தங்கியிருப்பது ஒரு பிள்ளையின் உயிர்.

தருக்கம் பயில்வோர்க்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. புதிதாகக் கத்தி கிடைத்த பையன் கண்ட மரத்தையெல்லாம் வெட்டிப் பார்ப்பான். முதலாம் வருட மாணவர் சிலர் வீட்டுக்கு வந்து பாட்டியின் திருநீற்றுப் பெட்டியோடு வாதிடுவதும் அவ்வகையே. அருணந்தி சிவாசாரியாரைப் பற்றி ஒரு மரபுக் கதை உண்டு. எல்லா ஆகமங்களையும் கற்ற முதியவர் அவர்; தம் மாணவர் பலர் இளம்பிள்ளையாகிய மெய்கண்டாரிடம் சென்றுவிட்டதைக் கேட்டு நேரே வந்து, "ஆணவத்தின் சொரூபம் யாது?" என்று கேட்டார். மெய்கண்டார் ஒன்றும் சொல்லாமல் நின்ற அவரையே நோக்கினார் என்பர். அந்தப் பார்வையிலே தம்மைக் கண்ட முதியவர் இளையவரை வணங்கி மாணாக்கரானார். தம் அறிவின் செருக்கைக் கண்டுகொண்ட அவர்தான் பின்னர்ப் பரபக்கத்தைப் பாடினார். பிறர் கொள்கையைப் பொறுமையாக எடுத்துரைக்கும் ஆற்றல், தம் செருக்கைக் கண்டவருக்கே வாய்க்கும் போலும்.

இறுதியாக, இச்சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் நாம் பேச்சுப்போட்டி நடத்துகிறோம். பண்ணிசைப் போட்டி நடத்துகிறோம். அவை நடக்கட்டும். மாதம் ஒரு ஞாயிறு மாலை 'பரபக்கம்' என்ற பெயரில் ஒரு கூட்டமும் நடத்துவோமாக. பணம் வேண்டியதில்லை, ஒரு மண்டபமும் சில வாங்குகளும் போதும். விதிகள் மூன்று. ஒன்று, ஒருவர் கொள்கையை மறுக்க எழுபவர் முதலில் அக்கொள்கையைத் தாமே எடுத்துச் சொல்லவேண்டும். "ஆம், நான் சொன்னது அதுதான்" என்று அவர் ஒப்புக்கொண்ட பின்னரே மறுப்பு. இரண்டு, ஒரு செய்தியைச் சொல்பவர் அது காண்டலா, கருதலா, உரையா என்று கூறவேண்டும். உரையாயின் யாருடைய உரை, அவர் நம்பத்தகுந்தவரா என்று கேட்க எவர்க்கும் உரிமை உண்டு. மூன்று, ஒவ்வொருவரும் தம் பேச்சை முடிக்குமுன், எதைக் கண்டால் தம் எண்ணத்தை மாற்றிக்கொள்வார் என்று சொல்லவேண்டும். அதுவே அவரது 7 ஆம் அட்டை.

அக்கூட்டத்துக்கு அயலிலுள்ள கிறிஸ்தவ இளைஞரையும், இஸ்லாமிய இளைஞரையும், கடவுள் இல்லை என்னும் நண்பர்களையும் அழைப்போம். சித்தியாரிலே இடம் பெற்றவர்களின் வழியினருக்கு நம் மண்டபத்திலே இடமில்லை என்று சொல்வது அந்நூலுக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது.

தருக்கம் படித்தால் நம்பிக்கை போய்விடுமா என்று கேட்ட பெரியோர்க்கு என் விடை இது: சில நம்பிக்கைகள் போகும். பாணியும் செய்மதியும் போன்றவை போகும், போகட்டும். காரணம் உடையவை நிற்கும். நிற்பவற்றின் பெறுமதியையும் அப்போதுதான் அறிவோம். ஆகையால் உங்கள் பிள்ளை தருக்கம் படிக்க விரும்பினால் தடுக்காதீர்கள். அவன் வீட்டுக்கு வந்து கேள்வி கேட்டால், "வாயை மூடு" என்று சொல்லாமல், "உன் ஏது என்ன?" என்று திருப்பிக் கேளுங்கள். அந்தக் கேள்வி நம் சாத்திரத்தின் கேள்வி.